கொலு பொம்மை இறக்கும் நாளில் கூரையையும் பாருங்கள்: பழைய வீட்டில் ஓதம் தேடும் முறை

பரணிலிருந்து கொலு பொம்மைப் பெட்டியை இறக்கிப் பிரித்தபோது, தசாவதார செட்டில் கூர்மாவதாரத்துக்கு மட்டும் முதுகில் வண்ணம் உரிந்திருந்தது. தண்ணீரில் இருக்க வேண்டியவர்தான், ஆனாலும் எங்கள் வீட்டுப் பரணில் தண்ணீருக்கு என்ன வேலை? சுற்றியிருந்த செய்தித்தாளை விரித்தேன். ஓரத்தில் பழுப்பு வளையம். தாளின் தேதி, போன நவராத்திரி முடிந்த வாரம். ஆக, தண்ணீர் இறங்கியது அதற்குப் பிந்தைய மழையில்தான். பழைய கறை என்று தள்ளிவிட முடியாது.

அந்த வருடம் நான் செய்தது தப்பு. சீலிங்கில் கறை தெரிந்த இடத்தைச் சுரண்டி, ஈரம் தாங்கும் பெயின்ட் என்று சொல்லி விற்றதை இரண்டு கோட் அடித்தேன். அடுத்த ஐப்பசியில் அந்த பெயின்ட் அப்பளம்போல் உப்பி விழுந்தது. பிறகு வந்த வயதான கொத்தனார் கறையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேரே மொட்டை மாடிக்கு ஏறி, கறைக்கு ஏழெட்டு அடி தள்ளி ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார். "தண்ணி இறங்குற இடம் வேற, காட்டுற இடம் வேற தம்பி. நீங்க அது காட்டுன இடத்துக்கு மருந்து போட்டிருக்கீங்க."

தாத்தா பாட்டி வீடு கைக்கு வந்தவர்கள், பழைய வீட்டை வாங்கப் போகிறவர்கள், வாடகைக்கு எடுத்தவர்கள் எல்லோருக்கும் இதைத்தான் எழுதுகிறேன். ஏணி ஏறத் தெரிந்தால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முக்கால்வாசிச் சோதனையை நீங்களே முடித்துவிடலாம். செலவு செய்வது அதற்குப் பிறகு.

முதலில், உங்கள் தலைக்கு மேல் இருப்பது என்ன?

பழைய வீடுகளில் ஒரே கூரை அபூர்வம். எங்கள் கும்பகோணம் பக்கத்து வீட்டில் மூன்று கூரை. திண்ணைக்கும் ரேழிக்கும் ஓடு, கூடத்துக்கு மெட்ராஸ் டெரஸ், 80-களில் பின்னால் சேர்த்த சமையலறைக்குக் கான்கிரீட். ஒவ்வொன்றிலும் ஈரம் வரும் வழி வேறு, பார்க்கும் முறையும் வேறு.

ஓட்டுக்கூரையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வளைந்த சிறிய ஓடு நாட்டு ஓடு, தட்டையாக ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்வது சீமை ஓடு என்கிற மங்களூர் ஓடு. சில வீட்டு ஓடுகளின் அடிப்பக்கம் பாசல் மிஷன் என்ற பெயரும் 1865 என்ற எண்ணும் பதிந்திருக்கும். அதைப் பார்த்து ஓடு நூற்றைம்பது வருடப் பழசு என்று பெருமைப்படாதீர்கள். அது பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு மங்களூரில் தன் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய ஆண்டு. ஓடு பல பத்தாண்டு கழித்து வந்ததாகவும் இருக்கலாம்.

அறைக்குள் நிமிர்ந்து பார்த்தால் வரிசையாக மரக்கட்டைகள், அவற்றின் இடையில் செங்கல் தளம், மேலே போனால் சமதளமான மொட்டை மாடி. இதுதான் மெட்ராஸ் டெரஸ். கிராமத்துக் கொத்தனார்கள் கட்டைக்குத்து என்பார்கள். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்வாட்டில் நெட்டுக்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் ஒட்டி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கிய தளம். மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓடு. கான்கிரீட் வீடுகளிலும் கூரைப் பலகைக்கு மேல் இதே சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் இருக்கும். சுருக்கி போட்ட தளம் என்று சொல்வது அதைத்தான்.

எப்போது பார்ப்பது?

நல்ல நாள், கொலுவுக்குப் பரணைக் காலி செய்யும் நாள்தான். வருடத்தில் அந்த ஒரு தடவைதான் பரண் முழுக்க இறங்குகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரம் வாக்கில் தொடங்கும். நவராத்திரி அநேகமாக அதற்குச் சற்று முன்னால் வந்துவிடும். சின்னச் சின்ன வேலைகளை முடிக்க இரண்டு மூன்று வாரம் கிடைக்கும். கொலு வைக்காத வீடென்றால் புரட்டாசியில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பார்வை, மழை கொட்டும்போதே. சோம்பல் படாமல் டார்ச்சோடு ஒரு சுற்று வந்தால் ஆயிரம் ரூபாய் கருவி சொல்லாததை மழை சொல்லும். மூன்றாவது பங்குனி, சித்திரையில். பெரிய மராமத்தெல்லாம் அப்போதுதான், தளம் காய்ந்திருக்கும்போதுதான்.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: நல்ல டார்ச், பென்சில், ஒரு முனை மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், ஒரு மரக்குச்சி அல்லது ஐந்து ரூபாய் நாணயம், அலுமினிய ஃபாயில், அகலமான டேப், மாஸ்க், கைபேசி கேமரா. ஈரமானி என்று இரண்டு ஊசி நீட்டிய கருவி இணையத்தில் கிடைக்கிறது. மரத்துக்கு நன்றாகவே உதவும். சுவரில் குத்தினால் வரும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். சுவரில் உப்பு இருந்தால் காய்ந்த இடத்தையும் ஈரம் என்று காட்டும். ஓர் இடத்தையும் பக்கத்து இடத்தையும் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதற்கு முன் சில விஷயம். சீலிங் ஈரமாக இருந்து, ஃபேனோ விளக்கோ அந்தப் பக்கம் இருந்தால் மெயினை அணைத்துவிட்டுத்தான் ஏணி. அடியில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பரணில் கையை விடுவதற்கு முன் குச்சியால் நாலு தட்டு தட்டுங்கள். எலி மட்டும்தான் அங்கே குடியிருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஓட்டின் மேல் ஏறி நடக்கவே கூடாது. கொல்லைப்புறத்தில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட சாய்ப்பு இருந்தால் அதைத் தேய்க்காதீர்கள், துளை போடாதீர்கள், உடைக்காதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கீழிருந்து: பென்சில் வேலை

ஒவ்வொரு அறையாகப் போய் சீலிங்கையும் சுவரின் மேல் இரண்டடியையும் பாருங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் பெயின்ட்டின் சின்ன உப்பல்கூட நிழல் விழுந்து தெரியும். ஒவ்வொரு கறையின் விளிம்பிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். படம் எடுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு கறை கோட்டைத் தாண்டியிருந்தால் ஒழுகல் நடப்பில் இருக்கிறது. தாண்டவில்லையென்றால் அது யாரோ எப்போதோ சரிசெய்ததன் தழும்பாக இருக்கலாம். வீடு வாங்கப் போகிறவருக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் அறை முழுதும் பழசாக இருக்க, ஒரு மூலை மட்டும் புதுசாக வெள்ளை அடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வெள்ளைக்குக் காரணம் கேளுங்கள்.

கறையின் சாயலும் பேசும். பழுப்பு வளையம், ஒன்றுக்குள் ஒன்றாக: பலமுறை நனைந்து காய்ந்திருக்கிறது. வெள்ளைப் பொடி, தொட்டால் உதிர்கிறது: தண்ணீர் காரையின் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து மேலே விட்டுவிட்டு ஆவியாகியிருக்கிறது. கருப்புப் புள்ளிகள், மக்கிய வாசனை: ஈரத்தோடு காற்றோட்டமும் இல்லை. இரும்புத் துரு நிறத்தில் நீளக் கோடு: கவனம், உள்ளே கம்பி.

சுவரின் அடியில் இரண்டு மூன்று அடிக்கு மட்டும் ஓதம் இருந்தால் அது நிலத்திலிருந்து ஏறுவது. அதற்கும் கூரைக்கும் சம்பந்தமில்லை. இந்தக் கட்டுரையும் அதற்கு உதவாது.

பரணில்

கான்கிரீட் லாஃப்ட் ஆனாலும் சரி, பழைய மர மச்சு ஆனாலும் சரி, முழுக்கக் காலி செய்யாமல் பார்ப்பது பார்த்ததாகாது. ஈரம் எப்போதும் பின்சுவரோடு ஒட்டி, கைக்கு எட்டாத மூலையில், பழைய மெத்தைக்குப் பின்னால்தான் இருக்கும். மெத்தை அந்த ஈரத்தைக் குடித்துக்கொண்டு வெளியே காட்டாமல் வைத்திருக்கும்.

இறக்கும்போதே எது எங்கே இருந்தது என்று கவனியுங்கள். நமுத்துப் போன அட்டைப்பெட்டி, அடியில் பச்சை பூத்த பித்தளைப் பாத்திரம், நீர்க்கறை படிந்த செய்தித்தாள், ஒரு பக்கம் மட்டும் வண்ணம் உரிந்த பொம்மை. இவை எல்லாம் சாட்சிகள். செய்தித்தாளின் தேதியை நான் பார்த்தேனே, நீங்களும் அதை மறக்காதீர்கள். காகிதக்கூழ் பொம்மைதான் முதலில் ஈரம் வாங்கும். மண் பொம்மை கொஞ்சம் தாங்கி, அடிப்பக்கத்தில் பொரியத் தொடங்கும்.

காலியான பிறகு மூன்று இடம் பாருங்கள். மேலே சீலிங். பின்னால் சுவர். அடியில் லாஃப்ட் பலகையும் சுவரும் சேரும் மூலை. சீலிங் காய்ந்து, பின்சுவர் மட்டும் ஈரம் என்றால் அந்தச் சுவரின் மறுபக்கம் போய்ப் பாருங்கள். குளியலறையாக இருக்கும், அல்லது சுவருக்குள் தண்ணீர்க் குழாய் ஓடும், அல்லது வெளிப்பக்கம் மழைநீர்க் குழாய் சுவரை ஒட்டி இறங்கும். சென்னையில் நண்பர் ஒருவர் லாஃப்ட் ஈரத்துக்காக மொட்டை மாடி முழுக்க பூச்சு அடித்துவிட்டார். கடைசியில் பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் கீஸருக்குப் போகும் குழாயின் இணைப்பு சொட்டிக்கொண்டிருந்தது.

லாஃப்டுக்கு மரக்கதவு போட்டிருந்தால் அதன் உள்பக்கமும் சட்டமும் பாருங்கள். சுவரோடு சேரும் சட்டத்தில் விரல் தடிமனுக்கு மண் குழாய் ஏறியிருந்தால் கறையான். ஈரமான மரம் அதற்கு விருந்து. மாவுபோல் தூள் கொட்டியிருந்தால் உளு. மருந்து அடிப்பவரைக் கூப்பிடுவதற்கு முன் ஈரத்தை நிறுத்தாவிட்டால் அடுத்த வருடமும் அவரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

ஓட்டுக்கூரையை உள்ளிருந்து

நல்ல வெயில் நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு அறைக்குள் நின்று நிமிர்ந்து பாருங்கள். வெளிச்சம் ஊசியாக எங்கே இறங்குகிறதோ அங்கெல்லாம் ஓடு விலகியிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. பூனையும் குரங்கும் நடந்தே பாதி ஓடு நகர்ந்துவிடும். மேலே மரக்கிளை தொங்கினால் மீதிப் பாதிக்கு அது.

வெளிச்சம் வராத இடத்திலும் ஒழுகும். மழைநாளில் பாருங்கள். ஓட்டின் அடியில் துளி தோன்றி, ஓடுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பரில் தாவி, முகட்டிலிருந்து சரிந்து இறங்கும் கைமரத்தோடு வழுக்கிக்கொண்டே போய், எங்கோ ஒரு முடிச்சில் தடுக்கி விழும். ஆகவே கீழே நனைந்த இடத்துக்கு நேர் மேலே தேடாதீர்கள். அந்தக் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு முகட்டை நோக்கி மேலே மேலே போங்கள். மரத்தில் கறுத்த தடம் எங்கே தொடங்குகிறதோ அதுதான் வாசல்.

சந்தேகப்பட வேண்டிய இடங்களில் முதலாவது கூடல்வாய். இரண்டு சரிவு சந்திக்கும் அந்த ஓடையில் தகரம் போட்டிருப்பார்கள். முற்றம் வைத்த வீட்டுக்கு நாலு மூலையிலும் அது உண்டு. சருகு அடைத்தால் தண்ணீர் பக்கவாட்டில் ஓட்டுக்கு அடியில் ஏறும். தகரம் துருப்பிடித்து ஓட்டையானால் கேட்கவே வேண்டாம். அடுத்தது முகட்டு ஓட்டைப் பிடித்திருக்கும் கலவையின் விரிசல். மூன்றாவது, ஓட்டுச் சரிவு பக்கத்து உயரமான சுவரில் போய் முட்டும் இடம்.

பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். கைமரம் கீழே வந்து முடியும் இறவாணப் பக்க முனையிலும், விட்டம் சுவருக்குள் நுழையும் இடத்திலும் லேசாகக் குத்துங்கள். நல்ல மரம் முனையை உள்ளே விடாது. கேக்கில் குத்தியதுபோல் இறங்கினால் மரம் மக்கியிருக்கிறது. ஈரமானி இருந்தால் இங்கே வையுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சைக்கு வாய்ப்பான ஈரம்.

மெட்ராஸ் டெரஸ்: கட்டையின் முனை

எல்லாரும் செங்கல்லில் உள்ள கறையைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது கட்டையின் முனை. மேலே கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் விட்டால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். அந்தச் சுவருக்குள்தான் கட்டையின் முனை புதைந்திருக்கிறது. காற்று படாத இடம், நனைந்தால் காயாது. வெளியில் தேக்கு மினுமினுவென்று இருக்கும், உள்ளே முனை மட்டும் மக்கியிருக்கும். சுவரிலிருந்து முதல் ஓரடியைத் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்க வேண்டும். மந்தமான சத்தம் வந்தால் குத்திப் பாருங்கள். கட்டைக்கும் சுவருக்கும் இடையில் புதிதாக இடைவெளி தெரிகிறதா, ஒரு கட்டை மட்டும் பக்கத்துக் கட்டைகளைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று ஒரு நூலைக் குறுக்கே பிடித்துச் சோதியுங்கள். தாழ்ந்திருந்தால் அந்த அறையில் படுப்பதை நிறுத்திவிட்டு, பழைய கட்டடம் தெரிந்த பொறியாளரைக் கூப்பிடுங்கள். இது நாமே பார்த்துக்கொள்ளும் வேலையல்ல.

செங்கல் இடுக்கில் காரை உதிர்ந்து தரையில் மணலாகக் கொட்டுகிறதா? தினமும் பெருக்குகிறவரைக் கேளுங்கள். எந்த இடத்தில் தினமும் தூள் விழுகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

இந்த வகைக் கூரையில் மேலே தண்ணீர் கட்டி நிறுத்திச் சோதிக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 10-க்கு 12 அடி அறையின் மேல் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றாலே ஏறத்தாழ 280 கிலோ. கூடவே ஜல்லித் தளமும் தண்ணீர் குடித்துக் கனக்கும். முனை மக்கிய கட்டைக்கு அது எமன்.

இன்னொன்று. சுண்ணாம்புத் தளத்துக்கு மேல் சிமென்ட் கலவையைக் கனமாகப் போட்டு மூடுவது நம்மூரில் வழக்கமாகிவிட்டது. சிமென்ட் விறைப்பானது. மரமும் சுண்ணாம்பும் வெயிலுக்கு அசையும்போது அது கூட வராது, வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய தண்ணீர் மேலே ஆவியாகவும் வழியில்லாமல் கட்டையைத் தேடிப் போகும். பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடி, கும்பகோணம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். தேடினால் கிடைப்பார்கள். கூலி கூடத்தான்.

கான்கிரீட் வீட்டின் மொட்டை மாடி

மேலே ஏறியதும் முதலில் தண்ணீர் போகும் வழி. தளத்தின் வாட்டம் எந்தப் பக்கம், தண்ணீர் வெளியேறும் தூம்புவாய் எத்தனை, அடைப்பு உண்டா? ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் 100 மி.மீ. மழை பெய்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் இறங்கியாக வேண்டும். ஒரு தூம்பை ஒரு பிளாஸ்டிக் பை அடைத்தால் மாடி குளம். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பல பழைய வீடுகளின் குழாய்களை ஒன்றாக இணைத்துத் தொட்டிக்கு விட்டார்கள். அந்த வடிகட்டித் தொட்டியை அப்புறம் யாரும் திறக்கவே இல்லையென்றால் தண்ணீர் குழாயிலேயே தேங்கி மேலே எதிர்க்கும். தூம்பில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, கீழே எவ்வளவு வேகமாக வருகிறது என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மழை விட்ட மறுநாளும் தேங்கி நிற்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். கருப்புப் பாசித் தழும்பே அவற்றைக் காட்டிக் கொடுக்கும். பிறகு நாணயத்தால் தட்டோடுகளைத் தட்டிக்கொண்டே நடங்கள். பிடிப்பு விட்ட ஓடு டொக்கு டொக்கென்று காலியாகச் சத்தம் போடும். ஓட்டின் இடுக்குகளில் கலவை போயிருக்கிறதா, புல் முளைத்திருக்கிறதா? கைப்பிடிச் சுவர் மூலையில் அரசங்கன்று தெரிந்தால் அன்றைக்கே கவனியுங்கள். இரண்டிலைப் பருவத்தில் விரலால் பிடுங்கலாம். இரண்டு வருடம் விட்டால் சுவரை உடைத்துத்தான் வேரை எடுக்க வேண்டும்.

மாடியில் யாரெல்லாம் துளை போட்டார்கள் என்று கணக்கெடுங்கள். டிஷ் ஆன்டெனாவின் கால், சோலார் ஹீட்டர் ஸ்டாண்டு, துணிக்கொடிக் கம்பி, இணையக் கேபிள். போட்டவர்கள் போய்விட்டார்கள், போல்ட்டு ஓட்டை இருக்கிறது. எங்கள் வீட்டில் கொத்தனார் உட்கார்ந்த மூலையில் இருந்தது, எப்போதோ கழற்றிய ஆன்டெனாவின் மூன்று போல்ட்டு ஓட்டைகள்தான். ஓட்டை ஒரு பக்கம், கூரைப் பலகையின் வாட்டம் மறுபக்கம். தண்ணீர் சுருக்கிக்கு அடியிலேயே ஏழெட்டு அடி நடந்து போய்ப் பரணுக்கு மேல் இறங்கியிருக்கிறது.

தண்ணீர்த் தொட்டியின் அடியும் குழாய் தளத்தைத் துளைக்கும் இடமும் பார்த்துவிட்டு, வெளியே சன்ஷேடுகளைப் பாருங்கள். அடியில் காரை விழுந்து கம்பி தெரிகிறதா? துரு, இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். உள்ளிருந்து கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். இதே சங்கதி சீலிங்கில் நடந்தால் கம்பியின் வரிசையிலேயே நீள விரிசல் தெரியும். ஃபேன் கொக்கி துருப்பிடித்து இளைத்திருந்தால் ஃபேனைக் கழற்றிவிடுங்கள். மேலே பூசி மறைக்கும் கொத்தனாரை விடப் பொறியாளர் ஒருவருக்குப் பணம் கொடுப்பது மலிவு.

எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய

இதுவரை பார்த்ததில் சந்தேகம் நாலைந்து இடத்தில் நிற்கும். இனி விலக்க வேண்டும்.

நேரத்தைக் குறியுங்கள். மழை தொடங்கிச் சில நிமிடத்தில் சொட்டினால் நேர் வழி இருக்கிறது: உடைந்த ஓடு, திறந்த ஓட்டை. மழை விட்டு ஒரு நாள் கழித்துக் கறை பெரிதானால் சுருக்கித் தளம் தண்ணீரைக் குடித்து மெதுவாக விடுகிறது. சித்திரை வெயிலிலும் ஈரம் காயவில்லையென்றால் மழையை விட்டுவிட்டுக் குழாயையும் தொட்டியையும் பாருங்கள். இரவு படுக்கும் முன் தொட்டியின் வெளிவால்வை மூடி, உள்ளே நீர்மட்டத்தில் குறி போட்டு, காலையில் பார்த்தால் தொட்டி தெரிந்துவிடும். மட்டம் இறங்காமல் ஈரம் மட்டும் தொடர்ந்தால் வால்வுக்குப் பிறகு போகும் குழாய்களைத் தேடுங்கள். மேல்மாடியில் குளித்த பிறகு மட்டும் நனைந்தால் விடை உங்களுக்கே தெரியும்.

ஏசி அறையிலும் காற்றோட்டமில்லாத சமையலறை லாஃப்டிலும் வெளியிலிருந்து தண்ணீரே வராமல் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் படிவதுண்டு. அதைப் பிரிக்க ஃபாயில் சோதனை. சந்தேகப்பட்ட இடத்தைத் துடைத்து, ஓரடிக்கு ஓரடி ஃபாயிலை வைத்து நாலு பக்கமும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அறைப் பக்கம் ஈரம் படிந்தால் காற்றின் ஈரம். சுவர்ப் பக்கம் படிந்தால் உள்ளிருந்து வருகிறது. டேப்பே ஒட்டாமல் விழுந்தால் அதுவும் விடைதான்.

கடைசியாக ஹோஸ் சோதனை, காய்ந்த நாளில். ஒருவர் உள்ளே, ஒருவர் மேலே, கைபேசியில் பேசிக்கொண்டே. தாழ்வான இடத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பகுதியிலும் கால் மணி நேரம் மெல்லத் தண்ணீர் விட்டு, உள்ளே தெரிகிறதா என்று பார்த்து, பிறகு மேலே நகருங்கள். முதலிலேயே உச்சியில் விட்டால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு வரும், எதுவென்று சொல்ல முடியாது. சுருக்கித் தளத்தில் கால் மணி போதாது. அங்கே நனைத்துவிட்டு மறுநாள்வரை பொறுத்திருந்து அடுத்த இடத்துக்குப் போங்கள். மெட்ராஸ் டெரஸில் தண்ணீர் தேங்காமல் வடிந்துகொண்டே இருக்கும்படி விடுங்கள்.

பிறகு

இடம் தெரிந்துவிட்டால் வேலை பெரும்பாலும் சின்னது. ஓடு மாற்றுவது, கூடல்வாய்த் தகரம் மாற்றுவது, தட்டோட்டு இடுக்குகளுக்குப் பாயின்டிங், மூலையில் கலவை, போல்ட்டு ஓட்டைகளை அடைப்பது. சுருக்கியே உளுத்துப் போயிருந்தால் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அதற்குச் செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கிடையாது என்பது தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையின் பழைய கணக்கு. ஒப்பந்தக்காரர் சிமென்ட் கலக்கலாமா என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பூச்சு அடிக்கும் கம்பெனிகள் பத்து வருட கேரன்டி என்பார்கள். கேரன்டித் தாளில் எது சேர்த்தி, எது சேர்த்தியில்லை என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஈரமான தளத்தின் மேல் அடித்த பூச்சு எதுவானாலும் உள்ளிருக்கும் ஈரம் வெயிலில் ஆவியாகி அதைக் கொப்பளமாகத் தூக்கும். ஆகவே ஐப்பசியில் அவசரமாக எதையும் அடிக்காதீர்கள். அப்போதைக்குத் தார்ப்பாய் போதும். உள்ளே பெயின்ட் அடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. ஒழுகலை நிறுத்தி, ஒரு மழைக்காலம் பார்த்து, பென்சில் கோட்டைக் கறை தாண்டவில்லை என்று தெரிந்த பிறகு.

கொலு முடிந்து பொம்மைகளைத் திரும்பக் கட்டும்போது அந்த வாரத்துச் செய்தித்தாளையே எடுங்கள். தேதி இருக்கும் பக்கம் வெளியே தெரியும்படி சுற்றுங்கள். பெட்டியைப் பின்சுவரில் முட்டாமல் ஒரு சாண் தள்ளி, அடியில் இரண்டு கட்டை கொடுத்து வையுங்கள். நான் கூர்மாவதாரத்தை மட்டும் ஒவ்வொரு வருடமும் போல்ட்டு ஓட்டை இறக்கிய அதே மூலையில்தான் வைக்கிறேன். முதுகுக்குப் புது வண்ணம் அடித்து மூன்று நவராத்திரி ஆகிறது.